டப்பா சொன்ன பெயர்

கறுக், கறுக் என்று முதலில் சத்தம்தான் கேட்டது. கலங்கிய தண்ணீர் தெளிந்த பிறகே, கரைவலையை உள்ளேயிருந்து ஒரு நண்டு கொடுக்கால் அறுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மத்திகளா, ஓட்டை போட்டாச்சு. வலை கரையேறதுக்குள்ள ஓடிப் போங்க!"

மாட்டியிருந்த மத்திகளெல்லாம் முண்டியடித்து வெளியேறின. ஒன்று மட்டும் நகரவில்லை.

"ஏய் மத்தி, உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"மத்தின்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். என் பேரு சார்டின். இங்கிலீஷ் பேரு. ஏதோ தூரதேசத்துத் தீவோட பேர்லேர்ந்து வந்ததாம்."

"யாரு சொன்னா?"

"கப்பல்லேர்ந்து விழுந்த தகர டப்பா. அதுமேலேயே எழுதியிருக்கு."

நண்டுக்குச் சிரிப்பு வந்தது. "அந்த டப்பாவை நானும் பார்த்தேன், துரையே. வெளியே பேரு இருந்துச்சு, சரி. உள்ளே அடுக்கி வச்சிருந்த உன் சொந்தக்காரங்கள்ல ஒருத்தருக்காவது தலை இருந்துச்சா?"

மத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மரியாதையாக் கூப்பிடு, வர்றேன்."

"தொலையட்டும். மாண்புமிகு சார்டின் துரை அவர்களே..." என்று நண்டு ஆரம்பிப்பதற்குள், கரையிலிருந்து கயிற்றைச் சுண்டி இழுத்தார்கள். நண்டு ஓட்டை வழியாக நழுவி விழுந்தது. வலை மேலே போய்விட்டது.

நண்டு தன் வளைக்கு வந்து சேர்ந்தபோது, கரையில் கூடைக்காரி ஒருத்தி கூவிக்கொண்டிருந்தாள்.

"மத்தி! மத்தி! ஒண்ணே ஒண்ணுதான் மாட்டியிருக்கு, பூனைக்குப் போடுங்க!"

நண்டு, வளைக்குள் சரிந்திருந்த மணலை அள்ளி வெளியே போடத் தொடங்கியது.