தகுதியான ஏழை

“படைவீரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. மனைவி போட்டா செல்லாது.”

விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் விண்ணப்பத்தை அவளிடமே திருப்பித் தள்ளினார்.

“அவர் எல்லையில இருக்கார் சார்” என்றாள் படைவீரரின் மனைவி.

“அதனால என்ன? லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க.”

“சரி சார். எதிரிகிட்ட ஒரு வாரம் பொறுத்துக்கச் சொல்லிட்டு வரச் சொல்றேன்.”

செயலாளருக்குக் கிண்டல் உறைக்கவில்லை. “ஆமா, எதையும் முறைப்படி செஞ்சா பிரச்சினையே இல்ல பாருங்க” என்று தலையாட்டினார்.

அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பேனர் தொங்கியது. ‘ஏழைக் குழந்தைகளுக்கும் படைவீரர் குழந்தைகளுக்கும் விளையாட்டு உதவி நிதி’ என்று அதில் எழுதியிருந்தது. முக்கால் பேனரைச் செயலாளரின் சிரிப்பே எடுத்துக்கொண்டதால், பந்து வைத்திருந்த குழந்தை ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது.

நிதி தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நன்கொடை கொட்டோ கொட்டென்று கொட்டியும், இதுவரை ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி ஷூகூட வாங்கித் தரவில்லை. தகுதியான ஏழை அமையவில்லை என்பது செயலாளரின் நெடுநாள் மனக்குறை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை சலித்துப் பார்க்க மாட்டார்கள்.

“அடுத்து யாரு?”

கோல்கீப்பரின் அம்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவளுடைய மகளும் படைவீரரின் மகளும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்குத் தேர்வாகியிருந்தார்கள். இன்று மாலைக்குள் கட்டணம் கட்டாவிட்டால், பட்டியலில் அடுத்து நிற்கும் பெண்களுக்கு இடம் போய்விடும்.

“வீட்டு போட்டோ எங்க?”

நான்கு பக்கமும் எடுத்த படங்களை அவள் நீட்டினாள். செயலாளர் முகத்தைச் சுளித்தார்.

“சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்கே?”

“வீட்டு ஓனர் அடிச்சது சார். அடிச்ச கையோட வாடகையையும் ஏத்திட்டார்.”

“ஏழைன்னா பார்த்ததுமே தெரியணும்மா. நாளைக்குக் கமிட்டியில நான் பதில் சொல்லணும்ல?”

“அடுத்த தடவை போட்டோ எடுக்கிறதுக்கு முன்னால கொஞ்சம் சுவத்தை இடிச்சு வெச்சிடுங்கக்கா” என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நீங்க இன்னும் கிளம்பலையா?” என்றார் செயலாளர்.

“விண்ணப்பத்தை மடிச்சுக்கிட்டிருக்கேன் சார். பதினாறு பக்கம் இருக்கே” என்றாள் படைவீரரின் மனைவி, இடத்தைவிட்டு நகராமல்.

செயலாளர் அடுத்த தாளைப் புரட்டினார். “வீட்டுக்காரர்?”

“தவறிட்டார் சார். ரெண்டு வருஷமாச்சு.”

“இறப்புச் சான்றிதழ் இருக்கா? ஓ, இருக்கு! ரொம்ப நல்லது.” அன்றைக்கு முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. ஆனால் மாத வருமானம் எழுதியிருந்த வரிக்கு வந்ததும் மலர்ந்த முகம் சிவந்துவிட்டது.

“பொய்! இந்தச் சம்பளத்துக்கு யாராவது மாசம் பூரா வேலை பார்ப்பாங்களா?”

“நான் பார்க்கறேனே சார்.”

“என்ன வேலை?”

“துணி துவைக்கிறது.”

“எந்த லாண்டரியில? முதலாளி பேர் எழுதற இடத்தை ஏன் காலியா விட்டிருக்கீங்க?”

அவள் குரல் இறங்கியது. “எழுதினா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு சார். அந்தச் சம்பளமும் இல்லேன்னா நானும் என் பொண்ணும் நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் கிடைத்துவிட்டதும் செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

“நான் இருக்கும்போது எதுக்கும்மா பயம்? ஒரு ஏழைப் பொம்பளையோட உழைப்பை இப்படி உறிஞ்சறவன் மனுஷனே இல்ல, அட்டை! அவன் பேரைச் சொல்லுங்க. நாளைக்கே அவன் சட்டையைப் பிடிச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!”

ஓர் உறுப்பினர் கைதட்டினார். மற்றவர் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

“நிஜமாவே என் வேலை போகாதா சார்?”

“அதுக்கு நான் பொறுப்பு.”

“பொண்ணுக்கு இடம்?”

“இந்தச் சம்பளம் நிஜம்னு காட்டுங்க. இந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். கமிட்டியே சாட்சி!”

கோல்கீப்பரின் அம்மா பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்தாள். நீட்டவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் தடுமாறினாள்.

“குடுங்கக்கா, நான் படிக்கறேன்” என்று படைவீரரின் மனைவி அதை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு அதைச் செயலாளர் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

“தொகை சரியாத்தான் இருக்கு சார்” என்றாள். “கீழ இருக்கிற கையெழுத்து உங்களுது.”

“மன்னிச்சுக்குங்க சார்” என்றாள் கோல்கீப்பரின் அம்மா. “பதினோரு வருஷமா நம்ம சங்கத்து ஜெர்சியெல்லாம் துவைக்கிறது நான்தான். பின்வாசல் வழியா வந்துட்டுப் போறதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”