பதினேழாம் தட்டு

பதினேழாம் தட்டில் இருப்பது சுப்பராயன் அண்ணனின் தோல். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் முன்கையிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. தோல் எடுத்த அன்று, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மங்கையர்க்கரசி கத்தியை எடுத்தபோது, "மரத்துப் போச்சு மேடம், வெட்டுங்க" என்று சிரித்தார்.

ஒவ்வொரு செல்லிலும் உடம்பு முழுவதற்குமான மரபணு எழுத்து இருக்கிறது. தோல் செல்லில், நரம்புக்குரிய பக்கங்களை வாசிக்கவிடாமல் சில புரதங்கள் கூட்டமாக மேலே உட்கார்ந்து அழுத்தி வைத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு புரதத்தை மங்கையர்க்கரசி இந்தத் தட்டில் பத்து நாளுக்கு முன் இல்லாமல் செய்திருந்தாள். இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தோல் செல்களிலிருந்து நரம்புக்குரிய மெல்லிய இழைகள் கிளம்பி ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

படம் எடுத்தாயிற்று. வேலை முடிந்த தட்டில் பிளீச் ஊற்றிவிட்டு, செல்கள் சாகும் பத்து நிமிடத்தில் டீ குடிக்கப் போவது அங்கே வழக்கம். சுப்பராயன் அண்ணனின் தோலையே அப்படி நூறு முறை கொன்றிருக்கிறார்கள்.

உடன் வேலை செய்யும் ஜெசிந்தா பாட்டிலைத் திறந்தாள். "ஊத்திடவாக்கா?"

"வேண்டாம்."

"தோல்தானேக்கா?"

"போன வாரம் வரைக்கும்." மங்கையர்க்கரசி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் புரதத்தை முதல்ல திருப்பிக் குடு. இழையெல்லாம் உள்ள போகட்டும்."

"அதுக்கு இன்னொரு வாரம் ஆகுமே. எதுக்குக்கா?"

மங்கையர்க்கரசி தன் முன்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"மரத்துப் போகட்டும். அப்புறம் ஊத்து."