தூக்குச்சட்டியில் ஒரு குரல்

கடல் கொண்டுபோன சின்னக்குப்பத்தின் வீட்டுச் சாமான்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தன. அங்கிருந்த ஒரு கருவியில் வைத்தால், ஒவ்வொன்றும் தான் கேட்ட குரலைத் திரும்பச் சொல்லும். அந்தக் குரல் யாருடையது என்று எழுதுவது, அந்த ஊரில் உயிர்தப்பிய அமலோற்பவத்தின் வேலை.

நசுங்கிய தூக்குச்சட்டி ஒன்றை வைத்தாள்.

"அம்மா, கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்து."

கடலோடு போன அவள் மகள் ஜெனிட்டாவின் குரல்.

"யாருன்னு தெரியுதாக்கா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர் சூசை. "சொந்தக்காரங்க இருந்தா அவங்ககிட்டயே குடுத்துரணும்."

வீட்டுக்குக் கொண்டுபோனால் அவளைத் தவிரக் கேட்பதற்கு ஆளில்லை. இங்கே இருந்தால் தினமும் நூறு பேராவது கேட்பார்கள்.

"தெரியல தம்பி."

பெயர் என்ற இடத்தில் 'ஊர்ப்பிள்ளை' என்று எழுதினாள். அடுத்த சாமானை எடுத்துக் கருவியில் வைத்தாள்.