கதவு திறக்கும் காட்சி

“நான் கை காட்டினதும் தட்டுங்கம்மா. அதுவரைக்கும் பேசாம நில்லுங்க.”

ஹோட்டலின் சமூக வலைத்தளப் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் பெண், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

அறை வாசலில் நின்ற அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடன் வந்த பெரியவர் கேக் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார்.

மூன்றாம் மாடியில் பகலிலும் விளக்கு எரிந்தது. எல்லா அறைகளிலும் ஆள்.

சில மாதங்களுக்கு முன் இந்த மாடியில் ஈ, காக்கை கிடையாது. பயணிகள் கூடிப் பேசும் இணைய மன்றமொன்றில், யாரோ ஒருவர் மூட்டைப்பூச்சி கடித்த தன் முதுகைப் படமெடுத்துப் போட்டிருந்தார். அதை எப்படியாவது அழித்துவிடு என்று மானேஜர் குதித்தார். அழிக்கவெல்லாம் முடியாது சார் என்று சொல்லிவிட்டு, அவள் அந்த மன்றத்திலேயே போய் மன்னிப்புக் கேட்டாள். மெத்தைகளை மாற்ற வைத்தாள். பழைய மெத்தைகள் லாரியில் ஏறுவதை வீடியோ எடுத்து, ‘பூச்சிகளுக்கு வழியனுப்பு விழா’ என்று தலைப்புக் கொடுத்தாள்.

சிரித்தார்கள். நம்பினார்கள். வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் அங்கே சட்டம். யார் எது கேட்டாலும் உடனே பதில். கட்டிலையும் குளியலறையையும் காட்டாதே, மனிதர்களைக் காட்டு.

அப்படித்தான் மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜோடியைப் படமெடுத்தாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். மாத வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். முகம் மட்டும் வேண்டாமே என்று பையன் கெஞ்சினான். சரியென்று பின்னால் நின்று எடுத்தாள். அவன் தோளில் மனைவியின் தலை. எதிரே இருட்டப்போகும் வானம்.

படம் பிய்த்துக்கொண்டு போனது.

அதன் கீழே ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: ‘முகம் எதுக்கு? என் பிள்ளையை முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா?’

பிறகு தனியாகச் செய்தி அனுப்பினார். சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. நாளைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள். திடீரென்று வந்து நிற்க வேண்டும். பொண்ணு மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லும்மா. எந்த ரூம்?

படித்ததும் இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மானேஜருக்கும்தான். கேக் நம்ம செலவு என்றார்.

இவள் கை காட்டினாள்.

அந்த அம்மாள் தட்டினார்.

கதவு திறந்தது. வேலைக்குக் கிளம்பிய கணவன் எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் கேலியாகச் சிரித்தபடி வந்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த அம்மாள் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கைகள் இரண்டும் தொங்கியபடியே இருந்தன. பெரியவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார்.

சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள், பாவம். இவள் இன்னும் நெருங்கிப் போய் முகத்தை மட்டும் எடுத்தாள்.

வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றார் பெரியவர். வெட்டாத கேக் கட்டிலில் கிடந்தது. ஆளுக்கொரு பக்கமாக அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். செருப்பு மாட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. படி திரும்பும் இடத்தில் அந்தப் பெண் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தாள்.

இவள் டாட்டா காட்டினாள்.

மதியமே வீடியோவைப் போட்டாயிற்று. பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். இன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்யப்போவதாகச் சிலர் எழுதினார்கள். அறை கேட்டவர்களுக்குப் பதில் எழுதி எழுதி இவளுக்கு விரல் மரத்துப்போனது.

சாயங்காலம் பையன் வந்தான். மாடிக்குப் போன வேகத்தில் கீழே இறங்கி வந்து, மனைவியைப் பார்த்தீர்களா என்று வரவேற்பில் கேட்டான். போன் அடித்தால் அறைக்குள்ளேயே அடிக்கிறதாம்.

இவளே ஓடிப்போய் வீடியோவை ஓடவிட்டு அவன் முன்னால் நீட்டினாள். அவன் முகம் மாறப்போவதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

மாறியது.

கடைசிவரை பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டான்.

“ஏன் சார் பயப்படுறீங்க? அவங்க அப்பா அம்மாகூடத்தானே போயிருக்காங்க.”

“அவளுக்கு யாருமே கிடையாதுங்க” என்றான். “இது என்னோட அப்பா அம்மா.”