வாய்க்கு வராத பேர்

கிழவரின் தொடையைத் தொட வேண்டும் என்றதும் பெர்மெத்தின் கை ஒரு நொடி கூசி நின்றது.

பிறகு அழுத்தினாள். ரத்தம் விரலிடுக்கில் பொங்கி வந்தது.

புல் அறுக்கும் நீண்ட அரிவாள் பக்கத்திலேயே கிடந்தது. சரிவில் கால் வழுக்கி அதன் மேலேயே விழுந்திருக்கிறார் மனிதர். குதிரைக்காரன் ஒருவன் சாலையில் போலீஸ் ஜீப்பை மறித்துச் சொன்னதால் அவளும் கூட இருந்த போலீஸ்காரன் கப்பாரும் வந்தார்கள். குப்புறக் கிடந்தவரைத் திருப்பிப் போட்டபோதுதான் அவளுக்கு முகம் தெரிந்தது. தெரிந்ததும் தன் காக்கித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காயத்துக்கு நாலு விரல் மேலே ரத்தத்தை நிறுத்தும் பட்டையைச் சுற்றி, அதிலிருந்த குச்சியைத் திருகினாள். அவர் முனகினார். இன்னும் திருகினாள். வலிக்கிறதே என்று இளக்கினால் ஆள் தங்கமாட்டான் என்று போன மாதம் போலீஸ்காரர்களுக்கு வைத்த முதலுதவி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ரத்தம் நின்றது.

"அடேங்கப்பா! துணி பிழியற மாதிரியில்ல பிழியறீங்க அக்கா," என்றான் கப்பார். பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. பயம் வந்தால் அவனுக்கு வாய் ஓயாது போலிருக்கிறது.

கீழே உருண்டு கிடந்த கிழவரின் வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தூசி தட்டி, புல்போர் மேல் உயரத்தில் வைத்தாள். அவர் நெற்றியில் பேனாவால் நேரத்தை எழுதினாள். இரண்டு நாற்பது. கட்டுப் போட்ட நேரம்தான் டாக்டர் கண்ணில் முதலில் பட வேண்டும்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாகிவிட்டது. ஆனாலும் கிழவரின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. கண் சொருகியது.

ஜீப் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடக்க முடியாது. நரின் நகரத்திலிருந்து ஆஸ்பத்திரி வண்டி வர இருபது நிமிஷம்.

"தூங்க விடாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. அந்த ஆளு நினைவோட இருந்தா நாங்க பார்த்துக்கறோம்," என்றது ஒயர்லெஸ்.

"பெரியவரே! பெரியவரே!" கப்பார் கன்னத்தில் தட்டினான். அசைவில்லை. "பேர் என்னக்கா?"

அவள் குனிந்து கட்டைச் சரிபார்த்தாள்.

"உங்க ஊர்க்காரர்தானே? தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப கூப்பிடுங்களேன்! ஆள் போயிட்டிருக்காரு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

பெர்மெத் வாயைத் திறந்தாள். பேர் வாய்க்கு வரவில்லை. பேனாவை எடுத்தாள். கப்பாரின் உள்ளங்கையை இழுத்து வைத்து எழுதினாள்.

அவன் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்க அப்போது நேரமில்லை.

"அசனாலி! அசனாலி ஐயா! எந்திரிங்க!"

எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது பேர். கிழவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஊரே அவரை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. ஆட்டுக்காரன் கூப்பிடுகிறான், கடைக்காரன் கூப்பிடுகிறான், கடன் கேட்டு வருகிறவனும் கூப்பிடுகிறான். அதில் இதுவும் ஒரு குரல், அவ்வளவுதான்.

ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தது.

பெர்மெத் குனிந்தாள். அவர் காதோடு வாயை வைத்தாள்.

"அசனாலி!"

இமை துடித்தது.

"அசனாலி! ஏய், அசனாலி!"

கண் திறந்தது. நன்றாகவே திறந்தது. அந்தக் கண்ணுக்குள் உயிருக்கு முன்னால் கோபம் வந்து நின்றது.

"எவ அவ… என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறவ?"

கப்பார் இரண்டடி பின்னால் போனான்.

"நான்தான், மாமா," என்றாள் பெர்மெத்.

ஒன்பது வருஷம். அவர் மகனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலைத் தாண்டிய நாளிலிருந்து ஒரு தரம்கூட, தூக்கத்தில்கூட, அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. அந்த மலைப்பக்கத்தில் எந்த மருமகளும் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். சொன்னவள் என்று ஒருத்தியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதும் இல்லை.

கிழவர் அவள் முகத்தையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். திட்டட்டும். நாளெல்லாம் திட்டட்டும். ஊரைக் கூட்டிவைத்துத் திட்டட்டும். செத்த வாய் திட்டாது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு மறுபடியும் கண் சொருகியது. சொருகும்போது உதடு அசைந்தது.

"ஏன் நிறுத்திட்டே? கூப்பிடு."

தூக்குப்படுக்கையோடு ஆட்கள் ஓடையைத் தாண்டி வந்து சேர்ந்தபோது கிழவர் விழித்திருந்தார். பெர்மெத்துக்குத்தான் தொண்டை கட்டிப்போயிருந்தது.