பார்சிலோனாவின் மத்தியானம்

மாட்டுங்கா வீட்டில் மணி இரண்டு. ஜன்னல் வெயில் முறத்தில் விழுகிறது. அம்மிணி ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிறாள். கப்பலில் கிளார்க்காக இருக்கும் தம்பி தர்மராஜன், ஈஸிசேரில் சாய்ந்து, ஸ்பெயின் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "பார்சிலோனாலே மத்தியானம் ஆச்சுன்னா ஊரே கடையைச் சாத்திண்டு தூங்கறது, அக்கா. நானும் லாட்ஜிலே தினம் தூங்கினேன். சொர்க்கம்!" அவள் விரல்கள் அரிசியிலேயே நின்றுவிடுகின்றன. "பொம்மனாட்டிகளுமா?" "எல்லாருந்தான். நான் முழிச்சுக்கறச்சே லாட்ஜுக்காரி சூடாக் காபியோட நிப்பா." தெருமுனையில் டிராம் மணி அடித்து ஓய்கிறது. அம்மிணி புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறாள். "அவ எப்போடா தூங்குவா?" தர்மராஜன் காலி காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்துகிறான். அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் கையூன்றி எழுந்திருக்கிறாள்.