இரும ஒரு விசில்

கொரோனா ஊரடங்கில் தாராவிப் பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன. சந்தில் ஒரு தும்மல்கூட நான்கு வீட்டுக்குக் கேட்கிறது. முதுகுத்தண்டு முறிந்த வேல்ராஜால் தானாக இரும முடியாது. மனைவி கோகிலவாணி விலாவுக்குக் கீழே இரு கைகளாலும் அழுத்தினால்தான் சளி வெளியே வரும். இருமல் சத்தம் கேட்டால் வண்டி வந்து அவனைத் தனியே கொண்டுபோய்விடும். அங்கே அழுத்த யாருமில்லை. அதனால் பக்கத்து வீட்டு ரஷீதாவின் குக்கர் விசிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தகரக் கூரை இடுக்கில் இறங்கிய வெயில் அவனுடைய அசையாத கால்களின் மேல் கிடக்கிறது. தொண்டை கொரகொரக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, இப்ப விசில் வந்துரும்" என்கிறாள். விசில் கத்துகிறது. அவள் அழுத்த, அவன் இருமுகிறான். விசில் அடங்கிய பிறகும் ஒரு இருமல் மிஞ்சிவிடுகிறது. சுவருக்கு அப்பாலிருந்து ரஷீதாவின் குரல் வருகிறது: "அண்ணனுக்குப் போதுமா மதினி, இன்னொரு விசில் விடட்டுமா? அரிசி தீந்து ரெண்டு நாளாச்சு. வெறும் தண்ணிதான் கொதிக்குது." தன் வயிற்றின் மேலிருந்து கோகிலவாணியின் கைகள் நழுவுவதை வேல்ராஜ் உணரவில்லை, பார்க்கத்தான் செய்கிறான்.